ஐந்தரை மணி நேர வித்தியாசம்

கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன் நடக்கும்போது மாங்கூழ் ஃபேக்டரிகளில் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை இருக்காது. வாசலில் பழ லாரி வரிசை கட்டி நிற்கும்போது கம்ப்யூட்டரைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? அதனால் ஜூன் பதினேழாம் தேதி மேனேஜர் குருமூர்த்தி போன் செய்து “நாளைக்கே வரணும் மேடம்” என்றதும், ஏதோ பெரிதாகக் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தேன்.

“மூணாம் நம்பர் கோல்டு ரூம்ல பெல்லு தானா அடிக்குதுங்க. பத்து நாளா. ஓடிப்போயி தொறந்து பாத்தா ஒருத்தரும் இல்ல. ஆளுங்க அந்த ரூமுக்கே போக மாட்டேங்கறாங்க. பத்தொம்பதாந்தேதி வெளிநாட்டுக்காரங்க ஆடிட் வர்றாங்க. அதுக்குள்ள நிறுத்திக் குடுங்க.”

என் பெயர் ஜோதிமணி. ஓசூரில் நாலே பேர் வேலை செய்யும் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டேட்டாபேஸ் பார்ப்பவள். ஃபேக்டரிகளில் எந்தக் கதவு எப்போது திறந்தது, எந்த அறை எவ்வளவு குளிர்ந்தது, எந்த பெல் எப்போது அழுத்தப்பட்டது என்று வரி வரியாகச் சேமித்து, கேட்கும்போது எடுத்துக் காட்டுவது எங்கள் வேலை. பேய், பிசாசு என்றால் சிரிக்கிற சாதி நான். ஆனால் மூணாம் நம்பர் ரூம் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினெட்டாம் தேதி காலை பஸ் பிடித்துப் போனேன். ஃபேக்டரி வாசலில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் ரோடு வரைக்கும் நின்றன. நசுங்கிய பழத்தின் தித்திப்பும் புளிப்பும் கலந்த நாற்றம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே முகத்தில் அடித்தது. கேட்டில் இருந்த செக்யூரிட்டி என்னை அடையாளம் கண்டுகொண்டு, “போன வருசம் வந்தீங்கல்ல” என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

போன வருடம் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுத்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறேன்.

டேட்டாபேஸ் நேரத்தை நம் கடிகாரப்படி வைத்துக்கொள்ளாது. உலகம் முழுவதற்கும் பொதுவாக ஒரு நேரம் உண்டு. அதற்கு யூ.டி.சி. என்று பெயர். நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். இங்கே மதியம் இரண்டு பத்துக்கு ஒன்று நடந்தால், உள்ளே எட்டு நாற்பது என்றுதான் பதிவாகும். திரையில் காட்டும்போது ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி இரண்டு பத்து என்று காட்ட வேண்டும். எந்த ஊர்க் கணக்கில் காட்டுவது என்று அந்தந்தத் திரையில் ஒரு தடவை சொல்லி வைத்தால் போதும். அரை நிமிட வேலை.

போன ஜூன் பதினெட்டாம் தேதி பகல் பதினொரு மணிக்கு, கோல்டு ரூம்களைக் கண்காணிக்கிற பேனல் ரூமில் பழுதான பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டுப் புதியதை நான்தான் வைத்தேன். அந்த அரை நிமிட வேலையை மறந்துவிட்டேன். ஸ்பீக்கர் மறுநாள் வரும், அதுவரை பெல் சத்தம் வராது, திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பேனல் ஆபரேட்டர் தீர்த்தகிரியிடம் சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

கோல்டு ரூம்களுக்குள் மைனஸ் பதினெட்டு டிகிரி. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் கதவைத் திறக்க உட்புறம் ஒரு கைப்பிடி இருக்கும். அது வேலை செய்யாவிட்டால் அழுத்த ஒரு சிவப்பு பட்டன். தினமும் காலை ஷிஃப்ட் தொடங்கியதும் எட்டரைக்கும் எட்டே முக்காலுக்கும் நடுவில் அந்த பட்டன்களை அழுத்திப் பார்ப்பது அங்கே வழக்கம். நஞ்சம்மா என்கிற பெண் மதியம் சாப்பிட்டுவிட்டு, பெட்டி எண்ண மூன்றாம் அறைக்குள் போனாள். கதவு மூடிக்கொண்டது. கைப்பிடி பனியில் இறுகியிருந்தது. அவள் பட்டனை அழுத்தினாள். மணி இரண்டு பத்து.

பேனல் ரூம் திரையில் ஒரு வரி வந்தது. ரூம் 3, பெல், 08:40.

தீர்த்தகிரி பார்த்தார். காலையில் அழுத்திப் பார்த்த பழைய பெல், புது கம்ப்யூட்டரில் இப்போதுதான் ஏறுகிறது போல என்று நினைத்துக்கொண்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். மாலை ஐந்து மணிக்கு ஷிஃப்ட் முடிந்து ஆள் எண்ணும்போதுதான் நஞ்சம்மா இல்லை என்பது தெரிந்தது. அறையைத் திறந்தபோது உயிர் போயிருந்தது.

மறுநாள் ஸ்பீக்கரோடு போனவள் விஷயத்தைக் கேட்டு உட்கார்ந்துவிட்டேன். திரையைப் பார்த்ததும் புரிந்துபோயிற்று. யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்த அரை நிமிட வேலையைச் செய்தேன். ஆனால் முந்தின மாலையே விசாரணைக்காகப் பட்டியலை பிரிண்ட் எடுத்திருந்தார்கள். அதில் 08:40 என்று இருந்தது. அதற்கு மேல் 03:10 என்று இன்னொரு பெல்லும் இருந்தது. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் காலை எட்டு நாற்பது, உண்மையான காலைச் சோதனை அதுதான். ராத்திரி ஷிஃப்ட்டில் யாரோ கை பட்டு அழுத்தியிருப்பார்கள் என்று அதை விட்டுவிட்டார்கள். நஞ்சம்மா பெல் அழுத்தவே இல்லை, மயங்கி விழுந்துவிட்டாள் என்று எழுதி முடித்தார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. பயம். வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

இந்த வருடமும் பேனல் ரூமில் தீர்த்தகிரிதான் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். போன வருடம் பார்த்ததைவிடப் பத்து வயது கூடித் தெரிந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். திரையில் ஒரு வரி வந்தால் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு வரியைப் பார்ப்பார்.

“மத்த ரூமு எல்லாம் டைம் கரெக்டா காட்டுதும்மா. மூணாம் ரூமு மட்டும் முன்னாடி போவுது” என்றார் தாழ்ந்த குரலில். “தெனம் மதியம் ரெண்டு பத்துக்கு அடிக்கும். பேனல்ல ஏழு நாப்பதுன்னு வரும். சாயங்காலம் ஏழு நாப்பது.”

“ஐந்தரை மணி நேரத்தை ரெண்டு தடவை கூட்டுதுண்ணா. ஒரு செட்டிங்தான், பாத்துடறேன்” என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

உள்ளே தேடினால் எங்குமே இரண்டு தடவை கூட்டவில்லை. நாலு அறைக்கும் தகவல் அனுப்புகிற ஒரே பெட்டி, ஒரே வயர், ஒரே கடிகாரம். மூன்று அறைகள் ஒழுங்கு. ஒன்று மட்டும் இல்லை. சாப்பிடக்கூடப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனல் ரூம் ஜன்னலுக்கு வெளியே உச்சி வெயில் சிமெண்ட் தரையில் அடித்துக்கொண்டிருந்தது. பழம் கழுவுகிற இடத்தில் பெண்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்த பேச்சு.

இரண்டு மணி தாண்டியதும் அந்தப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

தீர்த்தகிரி கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பெல் அடித்தது.

நீளமாக, நிதானமாக, ஒருவர் கட்டை விரலை வைத்து எடுக்காமல் அழுத்துகிற மாதிரி அடித்தது. பிறகு நின்றது. திரையில் ரூம் 3, பெல், 19:40 என்று வந்தது.

“வாங்கண்ணா, போய்ப் பாக்கலாம்” என்றேன்.

கம்பெனி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போனோம். தீர்த்தகிரி கதவைத் திறந்து, அது மூடாமல் இருக்க ஒரு மரக்கட்டையை அடியில் வைத்தார். வெளியே வராண்டாவில் வியர்த்துக்கொண்டிருந்தது. உள்ளே ஓரடி வைத்ததும் பல் கிட்டியது. கூரை வரைக்கும் மாங்கூழ் பெட்டிகள், நடுவில் ஒரு ஆள் போகிற சந்து. விசிறிகளின் இரைச்சலில் நம் மூச்சே நமக்குக் கேட்காது.

அந்தக் குளிரில் மூக்குக்கு வாசனையே தெரியாது. வாசலில் வீசிய பழ நாற்றம்கூட உள்ளே இல்லை.

ஆனால் தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. காலையில் தலைக்கு வைத்து, மதிய வெயிலில் லேசாகச் சூடேறிய எண்ணெய்.

தீர்த்தகிரியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவிலிருந்து நாலைந்து அடி தள்ளி, பெட்டிகளின் ஓரம்.

“இங்கதான் கெடந்தா” என்று என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னார்.

வயரில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க, சுவரில் இருந்த பட்டனைத் தொட வேண்டியிருந்தது. சுற்றிலும் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. பட்டன் மேல் மட்டும் பனி இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டு விரலை வைத்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

விரலை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். தீர்த்தகிரி மரக்கட்டையை எடுத்துக் கதவை மூடினார்.

பேனல் ரூமுக்குத் திரும்பியதும், செய்ய வேண்டியதைக் கடைசியாகச் செய்தேன். திரை மணியையும் நிமிடத்தையும் மட்டும்தான் காட்டும். இடம் போதவில்லை என்று தேதியை நான்தான் எடுத்திருந்தேன். டேட்டாபேஸைத் திறந்து, பத்து நாள் பெல்லையும் முழு வரியாகப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் இரண்டு நேரம் இருக்கும். ஒன்று பெல் அழுத்திய நேரம். மற்றது அந்தத் தகவல் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்த நேரம். வந்து சேர்ந்த நேரம் ஒழுங்காக இருந்தது. ஒன்பதாம் தேதி, பத்தாம் தேதி, பதினொன்றாம் தேதி என்று நாளுக்கு ஒன்று.

பெல் அழுத்திய நேரம் பத்து வரியிலும் ஒன்றுதான்.

ஜூன் பதினெட்டு. 14:10.

இன்றைய தேதி.

நடக்காத ஒன்று பத்து நாள் முன்பிருந்தே பதிவாகி வந்திருக்கிறது. நஞ்சம்மா என்ன சொல்ல வருகிறாள்? வழக்கம்போல் பொது நேரமாக எடுத்துக்கொண்டால், 14:10 என்பது நமக்கு இன்று மாலை ஏழு நாற்பது. இன்னும் வரவில்லை. பெட்டி தவறி நம் ஊர் நேரத்தையே அனுப்பியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டால் அது மதியம் இரண்டு பத்து. அவள் செத்த தேதி, அவள் அழுத்திய நேரம். அது முடிந்துவிட்டது. எந்த ஊர்க் கணக்கு என்று வரியில் எழுதியிருக்காது. டேட்டாபேஸுக்கு அது தெரியாது. பார்க்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான் முடிந்துவிட்டது என்றே முடிவு செய்தேன். இன்று வருஷ நாள், அதற்காகத்தான் பத்து நாளாக அடித்திருக்கிறது, இரண்டு பத்து தாண்டிவிட்டது, இனி அடிக்காது. எனக்கு எது வசதியோ அதை நம்பினேன்.

நாலு மணிக்கு குருமூர்த்தி வந்தார். “என்னாச்சுங்க?”

“ஒரு சின்ன கோளாறு சார். இனிமே வராது.”

“வராதுன்னு சொன்னா போதாதுங்க. நாளைக்கு ஆடிட்காரன் நிக்கும்போது அடிச்சிதுன்னா என் வேல போச்சு. மூணாம் ரூம் பெல்ல மட்டும் ஆஃப் பண்ணி வைங்க. நாளானிக்கு போட்டுக்கலாம்.”

“சார், உள்ள யாராச்சும் மாட்டுனா?” என்று தீர்த்தகிரி மெதுவாகக் கேட்டார்.

“அந்த ரூமுக்குத்தான் ஒருத்தனும் போறதில்லயேப்பா” என்றார் குருமூர்த்தி.

அந்தப் பதில் எனக்கும் போதுமானதாக இருந்தது. மூன்றாம் அறையின் பெல் சேமிக்கப்படும், ஆனால் திரையில் வராது, ஸ்பீக்கரில் கேட்காது என்று மாற்றி வைத்தேன். சரியாக மாற்றினேனா என்று பார்க்க, எல்லா அறை பெல்லும் என் போனுக்கும் வருகிற மாதிரி வைத்து, பக்கத்து அறை பட்டனை அழுத்திப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது.

கிளம்பும்போது தீர்த்தகிரி கேட் வரைக்கும் கூட வந்தார்.

“யம்மா, ஒண்ணு கேக்கணும். போன வருசம் அவ பெல்ல அழுத்துனாளா, இல்லியா?”

நான் பையின் ஜிப்பைச் சரிசெய்தேன்.

“அழுத்தலன்னுதான் எழுதிட்டாங்க. ஆனா அவ வெவரமான பொண்ணும்மா. அழுத்தாம இருக்க மாட்டா. எனக்கு ஒரு வருசமா தூக்கமில்ல. அழுத்தி நான் பாக்காம வுட்டேனா, இல்ல அவளுக்குக் கை எட்டலியா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும்.”

சொல்லியிருக்கலாம். அங்கே வேறு யாரும் இல்லை. அண்ணா, அவள் அழுத்தினாள், நீங்கள் பார்த்தீர்கள், ஆனால் திரை பொய் சொன்னது, பொய் சொல்லவிட்டது நான் என்று சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது வேறு.

“ரெக்கார்டுல இல்லண்ணா. கை எட்டியிருக்காது.”

“எட்டும்னுதான் தோணுது. சரி, போய்ட்டு வாங்க” என்று திரும்பி நடந்தார். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று நான் யோசிக்கவே இல்லை. என் பஸ்ஸைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஓசூர் பஸ் சூளகிரி தாண்டி, சானமாவு காட்டு ஓரத்தில் நின்றுவிட்டது. யானைக் கூட்டம் ரோட்டைக் கடக்கிறது என்று வனத்துறை ஆட்கள் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். டிரைவர் விளக்கை அணைத்தார். பஸ்ஸுக்குள் எல்லோரும் கிசுகிசுவென்று பேசினார்கள். ஜன்னலுக்கு வெளியே இருட்டில் கிளை முறிகிற சத்தம் வந்தது.

மடியில் இருந்த போன் அதிர்ந்தது.

ரூம் 3, பெல், 19:40.

மேலே மூலையில் போனின் மணியைப் பார்த்தேன்.

19:40.

இரண்டும் ஒன்றாக இருந்தன.

மறுபடி அதிர்ந்தது. மறுபடியும். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை அதே வரி வந்துகொண்டே இருந்தது. தீர்த்தகிரியின் நம்பருக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அந்த அறைக்குள் போன் எடுக்காது என்பது எனக்குத் தெரியும். குருமூர்த்தியைக் கூப்பிட்டேன்.

“சார், மூணாம் ரூம தொறங்க. உள்ள ஆள் இருக்கு.”

“இங்க பெல்லு ஒண்ணியும் அடிக்கலியே மேடம்.”

“நான்தான் ஆஃப் பண்ணியிருக்கேனே சார். எனக்கு வருது. தீர்த்தகிரி அண்ணன் எங்க?”

“ஏழு மணிக்கே பஞ்ச் பண்ணிட்டு போய்ட்டாரே. அது மறுக்கா அந்த பேய் பெல்லுதாங்க. இருட்டற நேரத்துல அந்த ரூமுக்குப் போன்னா எவன் போவான்? காலைல பாத்துக்கலாம்.”

வைத்துவிடப் போகிறார் என்று தெரிந்தது. அவரை அங்கே ஓட வைக்க என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

“சார், வெக்காதீங்க. போன வருசம் அந்த எட்டு நாப்பது காலைல அடிச்ச பெல் இல்ல. மதியம் ரெண்டு பத்து. நஞ்சம்மா அழுத்தினாங்க. கம்ப்யூட்டர்ல டைம் தப்பா காட்டுச்சு. நான்தான் மாத்த மறந்தேன். எனக்கு ஒரு வருசமா தெரியும். யார்கிட்டயும் சொல்லல. அன்னிக்கும் பழைய பெல்லுன்னு நெனச்சுதான் விட்டோம். இன்னிக்கும் விடாதீங்க சார். உங்க கால்ல விழறேன்.”

பஸ்ஸில் பேச்சு நின்றுபோயிருந்தது. முன் சீட்டில் இருந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். போனில் நாற்காலி தள்ளப்படுகிற சத்தமும், யாரையோ கூப்பிட்டுக்கொண்டு அவர் ஓடுகிற சத்தமும் கேட்டன.

எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு வரிகள் வருவது நின்றது.

தீர்த்தகிரி பிழைத்தார். மறுநாள் காலை கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் கட்டோடு படுத்திருந்தார். வலது கையில் மூன்று விரல் தேறாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் மனைவி காபி வாங்கக் கீழே போன பிறகு நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்கு அழுகை வந்தது.

“எதுக்குண்ணா உள்ள போனீங்க?”

“கை எட்டுதான்னு பாக்கத்தான். அவ வுழுந்த எடத்துல படுத்துப் பாத்தேன்” என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது. “கட்டைய வெச்சிட்டுத்தான் போனேன். எப்டி மூடுச்சின்னு தெர்ல. கைப்புடியும் வரல. எட்டி ஒரு தடவ பட்டன அழுத்துனேன். பெல்ல ஆஃப் பண்ணது அப்பதான் நெனப்பு வந்திச்சி. அப்புறம் கை மரத்துப் போச்சி. வுழுந்துட்டேன்.”

“ஒரு தடவைதான் அழுத்துனீங்களா?”

“ஒரு தடவதாம்மா.”

என் போனில் ஐம்பத்தியொரு வரி இருந்தது.

அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு இன்னும் குரலைத் தாழ்த்தினார்.

“பக்கத்துல ஒக்காந்துகினு இருந்தா. மொகம் தெர்ல. தேங்காண்ண வாசன மட்டும். ‘டைம் எஷ்டாய்த்து அண்ணா?’ன்னு கேட்டா. அவளுக்கு வீட்ல கன்னடம்தானே. ஏழு நாப்பதும்மான்னேன். இல்லண்ணா, ரெண்டு பத்துதான்னா. மறுக்கா மறுக்கா கேட்டா. நானும் சொல்லிகினே இருந்தேன். பேச்சு நின்னா தூங்கிடுவேன்னு பயம்.”

நான் அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். “அண்ணா, அவங்க போன வருசம் பெல் அழுத்தினாங்க. நீங்க பாத்த அந்த எட்டு நாப்பதுதான் அது. உங்க தப்பு இல்ல. என் தப்பு. நேத்து கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்.”

“தெரியும். அவ சொல்லிட்டா” என்றார். அவர் கண்ணில் கோபம் இல்லை. எனக்காகப் பயப்படுகிற மாதிரி இருந்தது. அதுதான் என்னைக் கலக்கியது. “கதவு தொறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டா. ‘மேடந்து யாவ ஊருண்ணா?’ன்னா. உங்க ஊர் எதுன்னு கேக்கறா. நான் அர மயக்கம். ஓசூருன்னு சொல்லிட்டேம்மா.”

நஞ்சம்மாவின் வீட்டுக்காரர் முனிவேல் போச்சம்பள்ளிப் பக்கம் இருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் போச்சம்பள்ளி பஸ் நின்றுகொண்டிருந்தது. நாளைக்குப் போகலாம், முதலில் கொஞ்சம் தூங்க வேண்டும் என்று ஓசூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் அறையின் பெல்லைத் திரும்பப் போடுவதற்காக லேப்டாப்பைத் திறந்தேன். ஃபேக்டரியில் அந்த அறையைக் காலி செய்து, குளிரை அணைத்து, பட்டனையும் வயரையும் கழற்றிவிட்டதாக குருமூர்த்தி செய்தி அனுப்பியிருந்தார். அங்கிருந்து இனி எதுவும் வர வழியில்லை.

திரை எந்த ஊர்க் கணக்கில் நேரம் காட்ட வேண்டும் என்று சொல்லும் இடத்தில், ஏசியா/கொல்கத்தா என்று போன வருடம் நானே வைத்திருந்தேன். இந்தியா முழுவதற்கும் அந்த ஒரு பெயர்தான். உலகத்தில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே பட்டியல், அதில் இல்லாத ஊரை எழுதினால் ஏற்றுக்கொள்ளாமல் திருப்பி அனுப்பிவிடும்.

அந்த இடத்தில் ஏசியா/ஓசூர் என்று இருந்தது.

அழித்துவிட்டு மாற்றினேன். பக்கத்தைத் திறந்தால் மறுபடி ஓசூர். நாலு தடவை மாற்றினேன். பட்டியலை முழுவதும் தேடினேன். அப்படி ஒரு பெயர் அதில் கிடையாது.

கீழே புதிதாக ஒரு வரி வந்திருந்தது. பெல், 14:10. தேதி நாளை. அறை எண் என்ற கட்டத்தில் 3 இல்லை. 47 என்று இருந்தது.

எங்கள் தெருவில் நாற்பத்தியேழாம் நம்பர் வீடு என்னுடையது. ஊர்ப் பெயர் ஓசூர் என்றே இருக்கிறது, இந்த முறை எந்த ஊர் நேரம் என்று குழம்ப எனக்கு வழியில்லை.